வடகடல் பறவைகளும் நிழற்படக் கலையும்



இன்று மாலை இந்த அவையில் நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், கூண்டிலோ பூங்காவிலோ அடைபடாமல் தம் இச்சைப்படி வாழும் பறவைகளை, அவை வாழும் இடத்துக்கே சென்று நிழற்படம் எடுக்கும் கலையாகும். பொருள் மிகப் பரந்தது; எல்லாத் தேசத்துப் பறவைகளையும் ஒரே மாலையில் சுற்றிவர முயன்றால் ஒன்றையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. ஆகையால், இந்தக் கலையின் அருமையும் அதற்குரிய கடமையும் எந்தப் பிரதேசத்தில் ஒருங்கே தெளிவாக விளங்குகின்றனவோ, அந்தப் பிரதேசத்தோடு நின்றுகொள்கிறேன். இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் உள்ள நார்தம்பர்லாந்துக் கடற்கரையும், அதை அடுத்த ஃபார்ன் தீவுகளும், மேலும் வடக்கே ஸ்காட்லாந்தில் ஃபோர்த் நதி கடலோடு கலக்கும் அகன்ற முகத்துவாரத்தில் எழுந்து நிற்கும் பாஸ் பாறையுமே நான் சொல்லும் பிரதேசம்.

படம் எடுப்பவர்களிடையே ஒரு கருத்து நெடுநாளாக நிலவி வருகிறது. அழகான படம் வேண்டுமென்றால் பறவைக்குக் கொஞ்சமேனும் தொந்தரவு கொடுத்தே தீரவேண்டும். தொந்தரவே கூடாது என்றால் படத்தின் சிறப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தே தீரவேண்டும். ஆதலால் கலைக்கும் ஜீவகாருண்யத்துக்கும் இடையே ஓயாத பேரம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்பதே அந்தக் கருத்து. இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பறவையின் சுபாவத்தை அறிந்து, அதன் வாழ்க்கைக்குப் பங்கம் வராமல் ஒதுங்கி நிற்கப் பழகியவனுக்கே சிறந்த படம் வாய்க்கிறது என்றும், மனிதன் வந்ததால் நிலைகுலைந்துபோன பறவையின் படம் கலை என்ற முறையிலும் சாஸ்திரம் என்ற முறையிலும் குறைபட்டதே என்றும் நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமானவற்றை உங்கள் முன் வைப்பதே இந்தச் சொற்பொழிவின் நோக்கம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஸீஹவுஸஸ் என்னும் சிறிய துறைமுகத்திலிருந்து படகேறிச் சென்றால், சில கிலோமீட்டர் தூரத்தில் ஃபார்ன் தீவுகள் சிதறிக் கிடப்பதைக் காணலாம். கடல் வற்றும் வேளையில் இருபதுக்கு மேற்பட்ட தீவுகளும் பாறைகளும் தலை காட்டும். நீர் ஏறும் வேளையில் அவற்றுள் பல மூழ்கிவிடும். பூமிக்குள்ளிருந்து பொங்கிய தீக்குழம்பு இறுகி உண்டான கருங்கல்லே இத்தீவுகளின் உடல். அந்தக் கல் சில இடங்களில் செங்குத்தான சுவராக நின்று, அடி அகலம்கூட இல்லாத விளிம்புகளைத் தாங்கியிருக்கிறது. சில இடங்களில் தாழ்ந்து சரிந்து, மேலே மெல்லிய மண்ணும் புல்லும் போர்த்திருக்கிறது. விளிம்புகளில் கில்லிமாட்டும் கிட்டிவேக் என்னும் சிறிய கடற்காக்கையும் வாழ்கின்றன. மண்ணில் பஃபின் வளை தோண்டுகிறது. திறந்த நிலத்தில் ஆலாக்களும் ஐடர் வாத்தும் முட்டையிடுகின்றன. நிலவிலங்குகளின் பயம் இல்லாமை, குளிர்ந்த கடலில் கூட்டங் கூட்டமாகத் திரியும் வெள்ளி நிறச் சிறுமீன்கள், ஜூன் மாதத்தில் இரவு என்பதே பெயரளவுக்குச் சுருங்கிப்போகும் நீண்ட பகல் ஆகிய மூன்று வசதிகளும் ஒன்றுசேர்ந்த இடம் இது. அதனாலேயே ஆண்டின் பெரும்பகுதியைச் சமுத்திரத்தின் நடுவில் கழிக்கும் பறவைகள், வசந்தத்தில் இங்கு வந்து கூடி, குஞ்சு வளர்த்து, கோடை முடிவதற்குள் பெரும்பாலும் கலைந்துவிடுகின்றன.

இந்தத் தீவுகளுக்கு ஒரு புண்ணிய சரித்திரமும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் கத்பர்ட் என்ற கிறிஸ்தவத் துறவி, மக்கள் நடமாட்டத்தை விட்டு விலகி, இன்னர் ஃபார்ன் தீவில் தனியே தவ வாழ்க்கை நடத்தினார். இடையில் ஆயர் பதவிக்கு அழைக்கப்பட்டுச் சென்றும், மீண்டும் அங்கேயே திரும்பி, 687-ஆம் ஆண்டில் அத்தீவிலேயே உயிர் நீத்தார். அங்கு முட்டையிடும் ஐடர் வாத்துகளுக்கு எவரும் தீங்கு செய்யலாகாது என்று அவர் விதித்ததாக அப்பகுதி மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்த வாத்தை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். 1925-ஆம் ஆண்டு முதல் இத்தீவுகள் நேஷனல் டிரஸ்ட் என்னும் ஸ்தாபனத்தின் பாதுகாப்பில் இருந்து வருகின்றன.

ஆனால், துறவி காட்டிய கருணையை உலகம் பின்பற்றியது என்று எண்ணிவிட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரையில் பறவையை அறிய விரும்பியவன் கையில் இருந்தது துப்பாக்கியே. நியூகாஸில் நகரில் பட்டறை வைத்திருந்த தாமஸ் பெவிக், பிரிட்டிஷ் பறவைகளைப் பற்றி 1797-லும் 1804-லும் இரு தொகுதிகள் வெளியிட்டார். மரக்கட்டையில் அவர் செதுக்கிய சித்திரங்கள் அற்புதமானவை. எனினும் பஞ்சடைத்து வைத்த உடல்களைப் பார்த்து வரைவதில் உள்ள குறையை அவரே உணர்ந்து, உயிருள்ள பறவையையோ அப்போதுதான் சுடப்பட்ட பறவையையோ நாடவேண்டியிருந்தது. அறிவுக்காகக் கொன்றவர்களாவது சிலரே; விளையாட்டுக்காகவும் வியாபாரத்துக்காகவும் கொன்றவர்கள் அனந்தம். யார்க்ஷயரின் ஃப்ளாம்பரோ முனையில், கூடு கட்டும் பருவத்திலேயே படகுகளில் வந்து, பாறையில் அமர்ந்திருக்கும் பறவைகளை ஆயிரக்கணக்கில் சுட்டு வீழ்த்துவது உல்லாசப் பொழுதுபோக்காக இருந்தது. பெண்களின் தொப்பிகளை அலங்கரிக்கக் கிட்டிவேக்கின் சிறகுகள் விலைபோயின. தாயும் தந்தையும் மடிந்தபின் குஞ்சுகள் விளிம்புகளிலேயே பட்டினி கிடந்து செத்தன. இந்தக் கொடுமையைக் கண்டு மனம் வெதும்பியவர்களின் முயற்சியால் 1869-இல் கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆகஸ்டு முதல் தேதிவரை அப்பறவைகளைக் கொல்வது குற்றமாயிற்று.

சட்டம் துப்பாக்கியைத் தடுத்தது. ஆனால், துப்பாக்கி ஏந்தியவனுக்குப் பறவையின்மேல் இருந்த ஆவலைச் சட்டத்தால் மாற்ற முடியாது. அந்த ஆவலுக்கு வேறொரு வழியைத் திறந்துவிட்டது காமிரா. யார்க்ஷயரின் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் த்வெயிட் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் இரு சகோதரர்களே இந்த வழியில் முதன்முதலாக நெடுந்தூரம் நடந்தவர்கள். 1892 ஏப்ரலில், லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்ட் அருகில், த்ரஷ் என்னும் பாடும் பறவையின் கூட்டையும் அதிலிருந்த முட்டைகளையும் செர்ரி படம் பிடித்தார். அடுத்த மூன்று ஆண்டுகள், கூடுகளைத் தேடிச் சகோதரர் இருவரும் நாடெங்கும் அலைந்ததன் பலனாக, பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகளைப் பற்றிய நூல் 1895-இல் வெளிவந்தது. இயற்கையிலேயே எடுத்த நிழற்படங்களால் முழுவதும் விளக்கப்பட்ட முதல் நூல் அதுவே. 1896-இல் அவர்கள் அட்லாண்டிக் சமுத்திரத்தின் விளிம்பில் உள்ள ஸென்ட் கில்டா தீவுக்குச் சென்று, கயிற்றில் தொங்கிப் பறவை பிடித்துப் பிழைத்த அத்தீவு மக்களோடு தங்கி, அவர்களையும் அவர்களுடைய பறவைகளையும் படம் எடுத்தார்கள். கனத்த மரக் காமிராவும், கண்ணாடித் தட்டுகளும், முக்காலியும் சுமந்துகொண்டு, இடுப்பில் கயிறு கட்டிச் செங்குத்துப் பாறைகளில் இறங்கிய செர்ரியின் துணிவை, இன்று கையடக்கக் கருவியோடு செல்லும் நாம் நினைத்துப் பார்ப்பது நல்லது.

அச்சகோதரர்கள் நமக்கு விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் படங்களைக் காட்டிலும் அவற்றை எடுத்த முறையே என்பது என் அபிப்பிராயம். தொலைவிலிருந்து பெரிதாக்கிக் காட்டும் நல்ல லென்ஸுகள் அந்நாளில் எளிதில் கிடைக்கவில்லை. ஆகையால் பறவைக்கு அண்மையில் இருந்தாக வேண்டும், ஆனால் பறவை அஞ்சாமலும் இருக்கவேண்டும். இந்த முரண்பாட்டைத் தீர்க்க அவர்கள் மறைவிடங்களை அமைத்தார்கள். போலி மரத்தண்டு, கற்குவியல், எருதின் தோலைச் சட்டத்தின்மேல் போர்த்திச் செய்த பொய்மாடு ஆகியவற்றுக்குள் புகுந்து, மணிக்கணக்கில் அசையாது காத்திருந்தார்கள். பின்வந்தவர்கள் இந்த முறையை இன்னும் செப்பம் செய்தார்கள். மறைவிடத்தை முதல் நாளிலேயே கூட்டருகில் நட்டுவிடாமல், தூரத்தில் நிறுத்தி, பறவை அதை ஏற்றுக்கொண்டதா என்று பார்த்து, நாள்தோறும் சிறிது சிறிதாக நெருக்குவது வழக்கமாயிற்று. இருவர் சேர்ந்து மறைவிடத்துக்குள் சென்று, ஒருவர் மட்டும் வெளிப்பட்டு எல்லோர்க்கும் தெரியும்படி நடந்துபோய்விட்டால், உள்ளே மற்றொருவர் இருப்பதைப் பெரும்பாலான பறவைகள் பொருட்படுத்துவதில்லை. பறவையின் நம்பிக்கையைப் பெறாமல் பறவையின் படத்தைப் பெற இயலாது என்ற அறிவே இவற்றுக்கெல்லாம் அடிப்படை.

இனி, ஃபார்ன் தீவுகளின் பறவைகளை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன். பஃபினைப் பற்றி அறியாதவர்கள்கூட, செம்மஞ்சளும் நீலச் சாம்பலும் கலந்த அதன் முக்கோண அலகைப் படத்தில் பார்த்திருப்பார்கள். அந்த வண்ணம் இனப்பெருக்கப் பருவத்துக்கே உரியது. பருவம் கழிந்ததும் அலகின் வண்ணத் தகடுகள் உதிர்ந்துவிடும். கடலில் மூழ்கிப் பிடித்த சிறுமீன்கள் பலவற்றை அலகில் குறுக்காக அடுக்கிக்கொண்டு அது வளைக்குத் திரும்பும் காட்சியே படமெடுப்போர் எல்லோரும் வேண்டுவது. அனுபவமில்லாதவன் வளைக்கு நேரே போய் நின்றுகொள்வான். பறவை இறங்க அஞ்சி வட்டமிடும், அது தாமதிக்கும் ஒவ்வொரு கணமும், வழிப்பறிக்குக் காத்திருக்கும் கடற்காக்கைகளுக்குச் சாதகமாகும், மீன் பறிபோகும், வளைக்குள் இருக்கும் ஒற்றைக் குஞ்சு பட்டினி கிடக்கும். பாதையைவிட்டு இறங்கி நடந்தால், மெல்லிய மண் உடைந்து வளையே இடிந்துவிடவும் கூடும். அறிந்தவனோ, பலகைப் பாதையில் ஒதுங்கி நின்று, காற்றைக் கவனிப்பான். பறவை எதிர்காற்றிலேயே இறங்கும் என்பது அவனுக்குத் தெரியும். காற்றைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு அவன் நின்றால், பஃபின் தானே அவனை நோக்கி வரும். இறக்கை விரித்து, செந்நிறக் கால்களை நீட்டி, வேகத்தைத் தணிக்கும் அந்த நொடியில் முகமும் மீனும் தெளிவாகக் கிடைக்கும். வழிமறித்தவனுக்குக் கிடைப்பது ஓடும் முதுகு. ஒதுங்கியவனுக்குக் கிடைப்பது வரும் முகம்.

ஒளியின் விஷயத்திலும் இதே பாடந்தான். இங்குள்ள பறவைகளில் பல, வெண்மையும் கருமையும் ஒட்டி நிற்கும் உடலின. உச்சி வெயிலில் வெள்ளையில் இறகின் வரிகள் கரைந்துபோகும். கறுப்பில் கண் இருக்குமிடமே தெரியாது. மெல்லிய மேகம் பரந்த வேளைதான் உத்தமம். அப்போதும் வெண்மை கெடாதபடி ஒளியை அளந்து, கருமையை அதன் போக்கில் விடவேண்டும். கிழக்கு நோக்கிய அந்தக் கரையில் மேல்காற்று வீசும் மாலையில், கதிரவனும் காற்றும் சேர்ந்து கலைஞனின் முதுகுப்புறமாக வந்துவிடுகின்றன. கடலை நோக்கி நிற்பவனுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை. அதை அறிந்தவன் பறவையை வெளிச்சத்துக்கு விரட்டுவதில்லை. வெளிச்சம் பறவையிடம் வரும்வரை இருக்கிறான்.

ஸ்டேப்பிள் தீவை ஒட்டிக் கடலிலிருந்து எழும் பாறைத் தூண்களின் உச்சியில், ஒன்றையொன்று உரசிக்கொண்டு கில்லிமாட்டுகள் நெருங்கி நிற்கின்றன. கூடு என்று அவற்றுக்கு ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் கூர்ந்த ஒற்றை முட்டையை வெறும் பாறையில் இடுகின்றன. குஞ்சு பிறந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில், பறக்கும் சக்தி வருவதற்கு முன்பே, அந்தி மங்கும் நேரத்தில், கீழே கடலிலிருந்து தந்தை அழைக்கும் குரலை நம்பி அது பாறை விளிம்பிலிருந்து குதித்துவிடுகிறது. பின்பு தந்தையும் குஞ்சுமாக நடுக்கடலை நோக்கி நீந்திச் செல்கின்றன. இந்த மகத்தான சம்பவத்தைப் படமாக்க வேண்டுமென்ற ஆசை யாருக்கும் எழும். ஆனால், படகை நெருக்கினால் விளிம்பில் நிற்கும் பறவைகள் திடீரென்று எழுந்து, முட்டைகளும் குஞ்சுகளும் உருண்டு விழும். மங்கிய ஒளியில் தூரத்திலிருந்து எடுத்த, துல்லியம் குறைந்த படமே இங்கு உண்மையான படம். குலைந்து எழுந்த கூட்டத்தின் துல்லியமான படம், கில்லிமாட்டின் வாழ்க்கையைப் பற்றி நமக்கு ஒன்றுமே சொல்லாது.

ஆர்க்டிக் ஆலாவைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். நூறு கிராம் அளவே எடையுள்ள இப்பறவை, வடக்கின் கோடையை அனுபவித்தபின், தெற்கின் கோடையைத் தேடி அண்டார்டிகாவரை போகிறது. 1982 கோடையில் ஃபார்ன் தீவுகளில் காலில் வளையம் பூட்டப்பட்ட ஒரு குஞ்சு, அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரை அடைந்திருந்தது; கடல்வழித் தூரம் ஏறக்குறைய 22,000 கிலோமீட்டர். அதே தீவுகளிலிருந்து 2015-இல் புறப்பட்ட மற்றொரு பறவை, போய் மீளும் பயணத்தில் ஏறக்குறைய 96,000 கிலோமீட்டர் பறந்ததை, அதன் காலில் கட்டியிருந்த நுண்கருவி காட்டியது. இத்தனை தூரம் கடந்து வரும் ஆலா, தன் முட்டைக்கு அருகில் வரும் மனிதனைச் சகித்துக்கொள்வதில்லை. தலைக்கு மேல் நின்று கூவி, பாய்ந்து, உச்சந்தலையைக் கொத்துகிறது. அதனால் இன்னர் ஃபார்னில் இறங்குபவர்கள் தொப்பி அணிந்தே செல்கிறார்கள்.

இதற்கு நேர்மாறானது ஐடர் வாத்து. பழுப்பு நிறப் பெண்பறவை, தன் மார்பின் தூவியை விரித்து அதில் முட்டையிட்டு, ஏறக்குறைய இருபத்தைந்து நாட்கள் இரையைப் பெரும்பாலும் துறந்து அடைகாக்கிறது. மனிதன் கைக்கெட்டும் தூரத்தில் வந்தாலும் அது அசைவதில்லை. அந்த அசையாமையைச் சம்மதம் என்று கொண்டு, இன்னும் அருகே, இன்னும் அருகே என்று போகும் ஆசை படமெடுப்பவனுக்கு உண்டாகிறது. இங்கேதான் விவேகம் வேண்டும். கொத்தும் ஆலா தன் அச்சத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது; அமைதியாக இருக்கும் ஐடர் சொல்வதில்லை. அசையாதிருத்தல் அதன் தற்காப்பு; நெருக்கடி வரம்பு மீறினால் அது சட்டென்று எழுந்து, முட்டைகளின்மேல் எச்சமிட்டுவிட்டு ஓடும்; திறந்து கிடக்கும் முட்டைகளைக் கடற்காக்கைகள் கொண்டுபோகும். எதிர்க்காத உயிரிடத்தில் நாம் எவ்வளவு அடங்கி நடக்கிறோம் என்பதே நம் ஒழுக்கத்தின் மெய்யான சோதனை.

அறிவு எவ்வாறு நெருக்கத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதற்குப் பாஸ் பாறையில் வாழும் கானெட் நல்ல உதாரணம். ஏறக்குறைய ஆறடி அகலம் சிறகு விரிக்கும் இந்த வெண்பறவை, முப்பது மீட்டர் உயரத்திலிருந்துகூடச் சிறகுகளை மடித்துக் கடலில் பாயும். அந்த அதிர்ச்சியைத் தாங்க அதன் முகத்திலும் மார்பிலும் தோலுக்கடியில் காற்றுப் பைகள் அமைந்திருக்கின்றன. ஜோடியில் ஒன்று திரும்பி வந்தால் இரண்டும் நிமிர்ந்து நின்று அலகோடு அலகு மோதி வரவேற்கும். கூட்டைவிட்டுப் புறப்படப் போகும் பறவை, அலகை நேரே வானத்தை நோக்கி உயர்த்தித் தன் துணைக்கு அடையாளம் காட்டும். இந்த அடையாளத்தை அறியாதவன் பறவை எழும் கணத்தை ஒவ்வொரு முறையும் தவறவிட்டு, கடைசியில் கையைத் தட்டி அதை எழுப்பத் துணிகிறான். அறிந்தவன், அலகு உயர்ந்ததும் காமிராவை உயர்த்துகிறான்.

இதுவரை கூறியதிலிருந்து, நல்ல படத்துக்கும் நல்ல நடத்தைக்கும் வழி ஒன்றே என்பதைப் பெரும்பாலும் ஒப்புக்கொள்வீர்கள். ஆனால், எந்த அறிவாலும் எந்தப் பொறுமையாலும் தொந்தரவைத் தவிர்க்க முடியாத இடங்களும் உண்டு என்று யாரேனும் கேட்கலாம். உண்டு. ஃபார்ன் தீவுகளுக்குத் தெற்கே பீட்னெல் விரிகுடாவில் லாங் நானி என்ற ஓடை கடலில் சேரும் மணற்பரப்பில், சிற்றாலா என்னும் அரிய பறவை மணலில் ஒரு சிறு பள்ளம் பறித்து முட்டையிடுகிறது. மணலோடு மணலாகத் தெரியும் அந்த முட்டைகளை மிதித்தாலும் நமக்குத் தெரியாது. தாயை எழுப்பிவிட்டால், குளிர்காற்றிலும் பகைப் பறவைகளிடமும் அவை சிக்கும். ஆகவே அந்தப் பருவம் முழுவதும் காவலர்கள் கடற்கரையிலேயே கூடாரமிட்டு, இரவும் பகலும் காக்கிறார்கள். 1981-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய அரிய பறவைகளைத் தனி அட்டவணையில் சேர்த்து, கூட்டில் அவற்றைக் கலைப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. கூட்டருகே படமெடுக்க விரும்புகிறவர் அதற்கென உரிமம் பெறவேண்டும். இங்கே கலைஞனுக்கு உரிய கடமை, படமில்லாமல் திரும்புவது. அப்படித் திரும்புவதையும் நான் இந்தக் கலையின் ஓர் அங்கமாகவே கருதுகிறேன். எங்கே நிறுத்துவது என்று அறியாதவன் எந்தக் கலையிலும் தேர்ச்சி பெற்றவன் ஆகமாட்டான்.

இவ்வளவு கட்டுப்பாட்டோடு எடுக்கும் படத்தால் பறவைக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கும் விடை சொல்லவேண்டும். 2022-இல் பறவைக் காய்ச்சல் இக்கடற்கரை முழுவதையும் தாக்கியது. ஃபார்ன் தீவுகளில் ஆயிரக்கணக்கான பறவைகள் மடிந்தன. அவ்வாண்டு ஜூலையில் பார்வையாளர் இறங்குவது நிறுத்தப்பட்டது. பாஸ் பாறையிலும் கானெட்டுகள் குவியல் குவியலாகச் செத்தன. வெளிர்நீலமாக இருக்கவேண்டிய கண்மணிவட்டம் கறுத்துப்போன கானெட்டுகள் அங்கே காணப்பட்டன. ஆராய்ந்ததில், அது நோயிலிருந்து தப்பிப் பிழைத்ததன் அடையாளம் என்று தெரியவந்தது. 2014-இல் 75,000-க்கு மேற்பட்ட கூட்டிடங்கள் எண்ணப்பட்ட அந்தப் பாறையில், 2023-இல் ஏறக்குறைய 52,000 மட்டுமே இருந்தன. இந்தக் கணக்கை வானிலிருந்து எடுத்த நிழற்படங்களைக் கொண்டே செய்தார்கள். இடையூறு செய்யாமல் எடுத்து, தேதியும் இடமும் குறித்து வைத்த படங்கள் இருப்பதால்தான், எத்தனை இழந்தோம், எத்தனை மீண்டன என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஒரு காலத்தில் பறவை இருந்ததற்குச் சாட்சியாக அதன் உடலைக் கேட்ட சாஸ்திரம், இப்போது படத்தை ஏற்றுக்கொள்கிறது. சாட்சி மெய்யாக இருக்கவேண்டுமானால், சாட்சி சொல்பவன் சம்பவத்தில் கைவைத்திருக்கக் கூடாது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கலையில் ஈடுபட விரும்புகிறவர்கள், எந்தப் பறவையைப் படமெடுக்க எண்ணுகிறீர்களோ அதை முதலில் ஒரு பருவம் முழுவதும் வெறுங்கண்ணால் பாருங்கள். அது எந்தக் காற்றில் எழுகிறது, எந்த நேரத்தில் இரை கொண்டுவருகிறது, என்ன கண்டால் அஞ்சுகிறது, அஞ்சும்போது என்ன செய்கிறது என்று எழுதி வையுங்கள். அஞ்சும் அடையாளம் ஒன்று தெரிந்தால் அந்த அடியிலேயே நின்று, பின்வாங்குங்கள். கூடு இருக்கும் இடத்தை ஊரறியப் பறைசாற்றாதீர்கள். உங்கள் படத்தைப் பார்ப்பவர், பறவை தன் வேலையில் ஈடுபட்டிருப்பதைக் காணவேண்டும். உங்களைக் கண்டு திடுக்கிட்டிருப்பதைக் காணக்கூடாது. துப்பாக்கியிடமிருந்து பறவையை விடுவிப்பதில் பங்குகொண்ட கருவி காமிரா. அந்தப் பெருமைக்குரிய கருவியைக் கையில் எடுப்பவர்கள், அதை மற்றொரு வேட்டைக் கருவியாக்கிவிடாமல் காக்கக் கடமைப்பட்டவர்கள். அந்தக் கடமையை நீங்கள் மனமுவந்து ஏற்பீர்கள் என்று நம்புகிறேன்.